இரண்டரை வருடம் தாமதமாக வந்த செய்தி

முப்பத்திரண்டு ஸ்லைடு தயார் செய்துகொண்டு போனேன். ப்ரொஜெக்டர் வேலை செய்யவில்லை.

ஷார்ஜா ரோலாவில், ஒரு ஓட்டலின் மாடியில் உள்ள சின்ன ஹால். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி. மாதம் ஒருமுறை அங்கே தமிழர்கள் கூடுவார்கள். குடும்பங்கள் முன் வரிசையில், பேச்சிலர்கள் பின் வரிசையில். யாராவது ஒருவர் ஏதாவது பேச வேண்டும். போன தடவை சர்க்கரை நோய், அதற்கு முந்தைய தடவை யோகா. இந்த முறை நான்... சரித்திரம்!

கூட்டத்தை நடத்துகிறவர் ஜமால் பாய். கீழக்கரைக்காரர். ரோலாவில் துணிக்கடை வைத்திருக்கிறார். "டீச்சர், நீங்க இருபத்திரெண்டு வருஷமா புள்ளைகளுக்குச் சொல்றதை ஒரு நாளு எங்களுக்குச் சொல்லுங்க" என்று கேட்டார். பஹ்ரைனின் ஈசா டவுனில் எட்டு வருடம், ஷார்ஜாவில் பதினான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் நான் சொல்லிக்கொடுத்தது வரலாறுதான். தலைப்பும் நானே வைத்தேன். 'பிரிட்டன், அமெரிக்கா — சரித்திரம் திரும்பிய இடங்கள்'. எவ்வளவு கம்பீரம் பாருங்கள். பத்து நிமிஷத்தில் முன் வரிசைக் குழந்தைகள் அப்பாவின் போனைக் கேட்டு அழத் தொடங்கிவிட்டார்கள்.

ஸ்லைடு இல்லாததால் கதையாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

எண்ணூறு வருடங்களுக்கு முன்னால், தேம்ஸ் ஆற்றங்கரையில் ஒரு புல்வெளி. இங்கிலாந்து ராஜாவை அவருடைய பிரபுக்களே மடக்கிப் பிடித்து, ஆட்டுத்தோலில் எழுதிய ஒரு சாசனத்தில் முத்திரை வைக்கச் சொன்னார்கள். ராஜாவும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்தான் என்று அதில் இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு ராஜாவிடம் போய் இதைச் சொல்வதற்கு எத்தனை தைரியம் வேண்டும்?

பிறகு பாஸ்டன் துறைமுகம். எங்களைக் கேட்காமல் எங்கள் மேல் வரி போடாதே என்று கப்பலில் ஏறி, பெட்டி பெட்டியாகத் தேயிலையைக் கடலில் கொட்டியவர்கள். அங்கிருந்து ஒரு தேசமே பிறந்தது.

பிறகு பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறையை ஒழித்த சட்டம். அடிமைகள் இல்லை என்றதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. நம் கரையிலிருந்துதான் ஆள் எடுத்தார்கள். காண்ட்ராக்ட் போட்டு, கைநாட்டு வாங்கி, கப்பல் ஏற்றி...

'காண்ட்ராக்ட்' என்ற வார்த்தை வந்ததும் பின் வரிசை கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அங்கே இருந்தவர்களில் காண்ட்ராக்டில் கையெழுத்துப் போடாதவர் யார்?

கடைசியாகத்தான் கால்வெஸ்டன் கதையைச் சொன்னேன். பாடம் நடத்தும்போது எத்தனையோ தடவை சொன்ன கதை. இன்னும் சொல்லும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் போர் நடத்திக்கொண்டிருந்த நேரம். 1863 ஜனவரி முதல் தேதி. கலகம் செய்த தென் மாநிலங்களில் அடிமைகளாக இருக்கும் எல்லோரும் அந்த நாளிலிருந்து சுதந்திர மனிதர்கள் என்று அதிபர் பிரகடனம் செய்துவிட்டார். காகிதத்தில் மை காய்ந்துவிட்டது. ஆனால் டெக்ஸஸ் தூரத்தில் இருந்தது. அங்கே வடக்கின் படை இல்லை. முதலாளிகள் வாயே திறக்கவில்லை. அரசல்புரசலாகக் காதில் விழுந்தவர்களும் என்ன செய்ய முடியும்? மறுநாளும் பொழுது விடிந்தது, பருத்திக் காட்டுக்குப் போனார்கள். அதற்கு மறுநாளும் போனார்கள்.

1865 ஜூன் 19 அன்றுதான் கால்வெஸ்டன் என்ற துறைமுக ஊரில் ஒரு ராணுவ அதிகாரியின் உத்தரவு வெளியாயிற்று. நீங்கள் எல்லோரும் சுதந்திரமானவர்கள் என்று.

இரண்டரை வருடம்.

சொல்லி முடித்து, "ஏதாவது கேள்வி இருக்கிறதா?" என்று கேட்டேன். யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் பேச்சாளர்கள் இதைக் கேட்பார்கள். உங்களுக்கும் தெரியும்.

கதவோரம் ஒருவர் டீ ஃப்ளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி உடம்பு, நரைத்த மீசை. கூட்டத்துக்கு டீயும் வடையும் கொண்டுவந்தவர். ஃப்ளாஸ்க்கை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கலாமா டீச்சர்? அந்த ரெண்டரை வருசமும் அந்தச் சனங்க யாரு? அடிமைங்களா, இல்ல, விடுதலை ஆனவுகளா?"

இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை மாணவர்கள்! தேதி கேட்டிருக்கிறார்கள். எத்தனை மார்க் என்று கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் — நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"சட்டப்படி விடுதலை ஆனவர்கள்தான்" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"சட்டப்படி" என்று அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு டீ ஊற்ற ஆரம்பித்தார். ஊற்றும்போது இரண்டு கப் நிரம்பி வழிந்தது. அவசரத்தில் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை ஜமால் பாயிடமிருந்து போன்.

"டீச்சர், அன்னைக்கு என்னத்தைச் சொன்னீங்க? டீ கொண்டுவந்தான்ல, நம்ம பரமசிவம், மூணு நாளா ஒரு நிலையிலே இல்லை. அவன் சமைக்கிற மெஸ்ஸுலேர்ந்துதான் எங்களுக்கு மதிய சாப்பாடு வரும். நேத்து சாம்பாருல உப்பு ரெண்டு தடவை. இன்னைக்கு உப்பே இல்லை. உங்களைப் பாக்கணும்ங்கறான். கடைக்கு வந்துட்டுப் போங்க."

பள்ளி முடிந்ததும் போனேன். துணி பேல்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் பரமசிவம் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"டீச்சர், அந்தக் கதை நெசமா?"

"நிஜம்தான்."

"அங்கிருந்து ஒரு ஆளாவது போயி, எங்களுக்கு என்ன நிலைமைன்னு கேக்கலையா?"

"கேட்டிருப்பார்கள். தப்பித்து ஓடியவர்களும் உண்டு. ஆனால் கேட்பதே ஆபத்து. பிடிபட்டால் உயிர் போகும்."

தலையாட்டினார். பிறகு, கடை ஷட்டரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நான் கல்லிவல்லி டீச்சர். பதினோரு வருசமா."

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விசா இல்லாமல், கம்பெனியை விட்டு ஓடி, ஒளிந்து வேலை செய்கிறவர்களுக்கு இங்கே அந்தப் பெயர்.

பரமசிவம் முதுகுளத்தூர் பக்கத்துக் கிராமத்துக்காரர். பதினோரு வருடத்துக்கு முன் எண்ணெய் ஆலைகள் உள்ள ருவைஸில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் சாரம் கட்டும் வேலை. ஆலைகளுக்குள்ளே இரும்புக் குழாய்களை அடுக்கி, ஸ்பேனரால் முடுக்கி, மாடி மாடியாக மேலே ஏறிப் போகிற வேலை. ஒரு நாள் அவர் கண் முன்னாலேயே கூட வேலை பார்த்த பீகார்காரர் ஒருவர் தவறி விழுந்தார். உயிர் பிழைத்தார். இடுப்பு எலும்பு போய்விட்டது.

"மறுநா நான் ஏணியில கால வச்சேன் டீச்சர். கால் ஏற மாட்டேங்குது. ஃபோர்மேன்ட்ட சொன்னேன், தரையில ஏதாச்சும் வேலை குடுங்கன்னு. ஏறுனா ஏறு, இல்லன்னா உன் பேர்ல திருட்டுக் கேசு போடுவேன், ஏர்போர்ட்ல வச்சே புடிப்பான், ஆயுசுக்கும் ஊரு பாக்க முடியாதுன்னு சொல்லிட்டாரு. அன்னைக்கு மத்தியானமே சைட்ட விட்டு நடந்துட்டேன்."

"திருட்டுக் கேஸ் என்று மிரட்டினால் என்ன? நீங்கள் எதையும் எடுக்கவில்லையே?"

தலையைக் குனிந்துகொண்டார்.

"எடுத்துட்டேன் டீச்சர்."

"எதை?"

"இடுப்புல டூல் பெல்ட் இருந்துச்சு. கழட்ட மறந்துட்டேன். அதுல கம்பெனி ஸ்பேனரு. பஸ்ஸுல ஏறி அபுதாபி வந்த பெறகுதான் பாத்தேன். திரும்பிப் போயிக் குடுக்கப் பயம். அப்பறம் கூட வேலை பாத்த ஒருத்தன் போன்ல சொன்னான், ஃபோர்மேன் உன் பேர்ல கேசு குடுத்துட்டாராம்னு."

இவ்வளவுதான். இதை நம்பி ஒரு மனிதர் பதினோரு வருடம் ரோலாவின் ஒரு மெஸ் அடுப்படிக்குள் வாழ்ந்திருக்கிறார். போலீஸ் வண்டியைக் கண்டால் அடுத்த சந்தில் திரும்பிவிடுவார். காய்ச்சலுக்கும் பல்வலிக்கும் மருந்துக்கடையோடு சரி. அவர் புறப்பட்டபோது மகளுக்கு நாலு வயது. இப்போது பத்தாம் வகுப்பு. நடுவில் அவருடைய அப்பா இறந்துபோனார். சடங்கைப் போன் திரையில்தான் பார்த்தாராம். யாரோ போனைச் சரியாகப் பிடிக்கவில்லை. பாதி நேரம் பந்தலின் மேல்பக்கம்தான் தெரிந்ததாம்.

"இதற்கு முன்னாலும் அரசாங்கம் பொதுமன்னிப்பு கொடுத்ததே?" என்று கேட்டேன். ஆவணம் இல்லாதவர்கள் அபராதம் இல்லாமல் ஊருக்குப் போகலாம் என்று இங்கே அவ்வப்போது அறிவிப்பார்கள். அப்போதும் அப்படி ஒரு அறிவிப்பு நடப்பில் இருந்தது. முடிய ஒன்பது நாள்.

"கேசு இருக்கவுகளுக்கு அது இல்லன்னு சொன்னாக. அதான் போகல. இப்ப உங்க கதையக் கேட்டதுலேர்ந்து ஒரே ரோசனை. போயிக் கேட்டுப் பாக்கலாமான்னு."

ஜமால் பாய் குறுக்கே வந்தார்.

"தம்பி, நல்லா ரோசிச்சுக்க. கேஸ் இருந்துச்சுன்னா அங்கேயே உக்கார வச்சிருவான். புள்ளைக்கு ரெண்டு மாசத்துல பரீட்சை. இத்தனை வருஷம் ஓடிருச்சு. அல்லாஹ் ஒரு வழி காட்டுவான், பொறுத்துக்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. பரமசிவம் என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன சொல்லட்டும்? புத்தகத்தில் இருக்கிற விடுதலையைப் பற்றி மணிக்கணக்கில் பேச எனக்கு வரும். எதிரில் நிற்கிற மனிதரிடம் "போங்கள்" என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவர் சிறைக்குப் போனால், கதை சொல்லி அனுப்பிவைத்தவள் நான்தானே?

"முடிவு உங்களுடையது" என்றேன். "போவதாக இருந்தால் நான் கூட வருகிறேன்."

அவர் ஸ்டூலை எடுத்து ஓரமாகப் போட்டார். பிறகு, "வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவுதான டீச்சர்?" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு என் காரில் ஏறினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. மனைவிக்குச் சொல்லவில்லை என்றார். மெஸ்ஸில் மட்டும், சாயங்காலத்துக்குள் தான் வரவில்லை என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

பொதுமன்னிப்பு மையத்தில் நீண்ட வரிசை. எத்தனை முகங்கள்... கைக்குழந்தையோடு ஒரு பிலிப்பினோ பெண், வங்காளதேசத்து இளைஞர்கள், சக்கர நாற்காலியில் ஒரு பாகிஸ்தானியர். எல்லோர் கையிலும் மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு பாஸ்போர்ட் ஜெராக்ஸ். சத்தமே இல்லை. அத்தனை பேர் இருக்கிற இடத்தில் அவ்வளவு அமைதியை நான் பார்த்ததில்லை.

வாசலில் ஸ்கேனர். பரமசிவத்தின் பை உள்ளே போனதும் காவலர் நிறுத்தி, இது என்ன என்று கேட்டார்.

"பாய், யே க்யா ஹை?"

பைக்குள்ளே சுத்தமாகத் துடைத்து எண்ணெய் தடவிய ஒரு ஸ்பேனர். பதினோரு வருடம் பெட்டியின் அடியில், ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்தாராம். கேட்டால் கொடுத்துவிடலாம் என்று எடுத்து வந்திருக்கிறார். எனக்கு வந்த அரைகுறை இந்தியில் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். காவலர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு கவுண்டர் வரை கூடவே வந்தார்.

கவுண்டரில் ஓர் இளம் பெண் அதிகாரி. இந்த நாட்டுப் பெண். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. பாஸ்போர்ட் நகலை வாங்கினார். விரல் ரேகை எடுத்தார். திரையைப் பார்த்தார். கீழே இறக்கினார், மேலே ஏற்றினார். பரமசிவம் இரண்டு கையாலும் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கேஸ் மாஃபி" என்றார் அந்தப் பெண்.

கேஸ் இல்லை.

பரமசிவத்துக்குப் புரியாத வார்த்தையா அது? வளைகுடாவுக்கு வந்த முதல் வாரத்திலேயே எல்லோரும் கற்றுக்கொள்கிற வார்த்தை. ஆனாலும் அவர் நகரவில்லை.

"மேடம், ஃபிர் ஸே தேக்கோ. பரமசிவம். ருவைஸ்."

அந்தப் பெண் மறுபடி பார்த்தார்; ஒன்றுமே இல்லை என்றார். "மாஃபி. குச் நஹி."

பரமசிவம் காவலர் கையிலிருந்த பையைக் காட்டினார். "மேடம், யே கம்பெனி கா. மே லேகே ஆயா. சோரி."

இது கம்பெனியுடையது, நான் எடுத்து வந்தேன், திருட்டு என்று தானே எடுத்துக்கொடுக்கிறார். அந்தப் பெண் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். சாரம், விழுந்த மனிதர், ஃபோர்மேன், பெல்ட், பதினோரு வருடம். அவர் விரல்கள் விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றுவிட்டன. திரையை எங்கள் பக்கம் திருப்பி ஒரு வரியைக் காட்டினார். பரமசிவம் ஓடிப்போன மூன்றாவது மாதமே கம்பெனி அவருடைய விசாவைக் கேன்சல் செய்திருக்கிறது. அதற்குப் பிறகு அவர் பெயரில் ஒன்றுமே இல்லை. விசா முடிந்தும் தங்கியதைத் தவிர. அதுவும் இந்த மன்னிப்பில் ரத்து.

பிறகு அவர் பரமசிவத்திடம் இந்தியில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"பாபா, ஸ்பேனர் கா கோயி கேஸ் நஹி. கர் ஜாவோ."

ஸ்பேனருக்குக் கேஸ் எதுவும் இல்லை. வீட்டுக்குப் போ.

சரித்திரம் திரும்புகிற இடங்களைப் பற்றி நான் எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறேன். எல்லாமே பெரிய மனிதர்கள், பெரிய மேசை, பெரிய முத்திரை. அந்த உத்தரவை டெக்ஸஸில் முதன்முதலில் காதால் கேட்ட மனிதரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. அன்றைக்கு ஒன்பதாம் நம்பர் கவுண்டரின் முன்னால் அப்படியொரு முகத்தைப் பார்த்தேன். அதில் சந்தோஷம் இல்லை. அழுகையும் இல்லை. ஒரு மனிதர் தன் பதினோரு வருடத்தையும் மனசுக்குள் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நிற்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

வெளியே வந்து நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தார். மனைவிக்கு வீடியோ இல்லாமல் சாதாரணமாகப் போன் போட்டார். ஸ்பீக்கரில் இருந்தது.

"முத்துலட்சுமி, இமிகிரேசனுக்கு வந்தேன். கேசு இல்லயாம்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே வைக்கிற சத்தம். அப்புறம் அந்த அம்மா கேட்டார்.

"எப்ப இருந்து இல்ல?"

பரமசிவம் என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார்.

"எப்பவுமே இல்லயாம் புள்ள."

நான் எழுந்து காருக்குப் போய்விட்டேன். அதற்கு மேல் அங்கே எனக்கு இடமில்லை.

திரும்பி வரும் வழியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "எங்கய்யா செத்தப்ப நான் போயிருக்கலாம் டீச்சர். ஃபோர்மேன் மேல கோவம் வரல. நான் ஏன் ஒருவாட்டி கேக்கலன்னுதான்..." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் ஏன் கேட்கவில்லை? கேட்டால் தப்பிக்க முடியாது என்று நம்பினார். பருத்திக் காட்டில் இருந்தவர்கள் மேல் துப்பாக்கி இருந்தது. இவர் மேல் யாரோ போகிற போக்கில் சொன்ன ஒரு வாக்கியம் இருந்தது. இரண்டும் ஒன்றில்லைதான். நான் ஒப்பிடவில்லை. ஆனால் ஒரு வாக்கியத்துக்கு அவ்வளவு கனம் உண்டு என்பதை அந்த ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

தூதரகத்தில் பாஸ்போர்ட்டுக்குப் பதிலான அவுட் பாஸ் வாங்க ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளில் பரமசிவம் சும்மா இருக்கவில்லை. மெஸ்ஸுக்குச் சாப்பிட வருகிறவர்களில் அவரைப் போல இன்னும் நாலு பேர். ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து டெக்ஸஸ் கதையைச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் கால்வெஸ்டன் என்ற பெயர் 'காலேஸ்வரம்' ஆகிவிட்டதாம். போகட்டும், செய்தி சரியாகப் போய்ச் சேர்ந்தது. நாலு பேரும் மையத்துக்குப் போனார்கள். மூன்று பேருக்குக் கேஸ் இல்லை. ஒருவருக்கு நிஜமாகவே ஒரு புகார் இருந்தது. அவரைப் பிடித்துப் போடவில்லை. எந்த ஸ்டேஷனில் முடிக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்தார்கள். ஜமால் பாய்தான் கூடப் போய் அலைந்தார். "பொறுத்துக்க" என்று சொன்ன அதே ஜமால் பாய். அந்த வேலை முடிய மூன்று வாரம் இழுத்தது. அறிவிப்பின் கடைசித் தேதிக்குள் விண்ணப்பம் போய்விட்டதால் அவரும் தப்பித்தார்.

பரமசிவம் காலை விமானத்தில் மதுரை போய்ச் சேர்ந்தார். ஒரு வாரம் கழித்து நானே போன் செய்து, வீட்டில் எப்படி என்று விசாரித்தேன்.

ஊர் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டதாம். மகள் மட்டும் இரண்டு நாள் பேசவே இல்லையாம். எட்ட நின்று பார்ப்பாள், அவர் திரும்பினால் உள்ளே போய்விடுவாள். மூன்றாம் நாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது, செருப்பு மாட்டிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டிருக்கிறாள்.

"எத்தன நாள் லீவுப்பா?"

வளைகுடாவிலிருந்து வரும் எந்த அப்பாவிடமும் எந்தப் பிள்ளையும் கேட்கிற முதல் கேள்வி. மற்ற வீடுகளில் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறாள்.

"என்ன சொன்னீர்கள்?"

"லீவு இல்லத்தா, வந்துட்டேன்னு சொன்னேன் டீச்சர். அப்படியே நின்னுச்சு. அன்னைக்குப் பள்ளிக்கூடம் போகல."

இதைப் படிக்கிறவர்களில் யாராவது, எப்போதோ யாரோ சொன்ன ஒரு பேச்சை நம்பி எதற்காகவாவது ஒளிந்துகொண்டிருக்கிறீர்களா? ஒருமுறை போய்க் கேட்டுவிடுங்கள் — பட்டப்பகலில், நல்ல சட்டை போட்டுக்கொண்டு, துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு.